உறை போட்ட கார்

“அண்ணே, அந்த வெளக்க அணைச்சிட்டுப் போங்க.”

நவமணி கேட்டேவிட்டாள். அடுக்களையில் தோசை திருப்பிக்கொண்டிருந்த செல்லாயியின் கை அப்படியே நின்றது. எதை வேண்டுமானாலும் கேள், அண்ணனுடைய கார் விளக்கைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று மகளிடம் அவள் எத்தனையோ தடவை சொல்லி வைத்திருந்தாள். சொன்னதெல்லாம் தண்ணீரில் போட்ட உப்பாகப் போயிற்று.

உடையப்பன் லோரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை விடியலில் சுங்கை சிப்புட்டை விட்டால் ஜோகூர் வரைக்கும் போய், சனிக்கிழமை மத்தியானம்தான் திரும்புவான். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்னா சொன்ன?”

“சாமி வெளக்க அணைச்சிட்டுப் போங்கன்னேன். ஞாயித்துக்கெழம லூமுட்டுக்குப் போவணும். அடுத்த திங்கக்கெழம காலையில நான் ஸ்கூல்ல போய் நிக்கலன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. வாரம் பூரா வெளக்கு எரிஞ்சா பேட்டரி செத்துப்போவும்.”

“கேட்டுக்கம்மா!” உடையப்பன் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தான். “படிச்சவ பேசுறா. சாமிக்கு நேரம் பாத்து லைட்டு நிப்பாட்டணுமாம். இது என்னா, நம்ம லயத்து ஜெனரேட்டரா, பத்து மணியானா அமத்திட்டுப் படுக்கறதுக்கு?”

“பேட்டரிக்கு சாமியும் தெரியாது, பேயும் தெரியாதுண்ணே.”

“ஏ புள்ள!” செல்லாயி கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். “வாயக் கழுவு. போற நேரத்துல என்னா பேச்சு பேசுற?”

“விடும்மா. உசுரு போனாலும் அந்த வெளக்கு அணையாது. அது அவளுக்கும் தெரியும்.” உடையப்பன் பையைத் தூக்கித் தோளில் போட்டான். “ஞாயித்துக்கெழம நான்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டன்ல? சாமி மனசு வெச்சா போலாம்.”

சாமி மனசு வைத்தால். அந்த ஒரு சொல்லை அவன் சொன்ன தினுசு நவமணிக்குப் பிடிக்கவில்லை.

காரில் சாமி வந்த கதை தாமான் குடியிருப்புக்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் தாப்பா பக்கத்தில் உடையப்பனின் லோரி பள்ளத்தில் உருண்டது. லோரி நசுங்கிப்போனது, அவனுக்கு ஒரு கீறல் இல்லை. சொந்தமாகக் கார் வாங்கினால் அதில் முருகனுக்கு அணையாத விளக்கு வைப்பதாக அந்தப் பள்ளத்தில் நின்றபடியே வேண்டிக்கொண்டான். அப்புறம் வெளிர்நீலத்தில் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முருகன் படம், படத்துக்கு முன்னால் சிவப்பாக ஒரு சின்ன பல்ப். மற்ற கார்களில் சாவி போட்டால்தான் சாமி விளக்கு எரியும். இவன் நேராக பேட்டரியிலிருந்தே ஒயர் இழுக்கச் சொன்னான். வண்டி ஓடினாலும் நின்றாலும் எரியும். “அணையா வெளக்கு உடையப்பன்” என்று பெயரே வந்துவிட்டது. கோயில் கூட்டத்தில் அவன் பேச எழுந்தால் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

வாரம் முழுக்கக் கார் வீட்டுக் கூரைக்கடியில் சாம்பல் நிறக் கன்வாஸ் உறையை மூடிக்கொண்டு நிற்கும். அந்த உறையை வேறு யாரும் தொடக் கூடாது. “சாமி இருக்கற வண்டி. பொம்பளைங்க தீட்டு கீட்டோட தொட்டுவெச்சிராதீங்க” என்று உத்தரவு. சனிக்கிழமை வந்ததும் அவனே குளித்து, திருநீறு பூசி, தனியாகப் போய் உறைக்குள் குனிந்து கும்பிட்டுவிட்டு அப்புறம்தான் உருவுவான். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். செல்லாயிக்குக் கண் கலங்கும். அவள் அந்திக்கு வீட்டில் விளக்கேற்றிவிட்டு நேராகக் காருக்கு முன்னால் வந்து, உறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். உறை மூடியிருந்தால் என்ன, அதற்குள் சுடர் இருக்கிறதே.

அந்த விளக்கு தானாகவே மங்கியது இரண்டே தடவைதான். இரண்டும் நவமணி வேலை கேட்டுப் போகவேண்டிய நாட்கள்.

அவள் பினாங்கில் இயற்பியல் படித்தவள். அவர்கள் இருந்த தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்து என்ன செய்ய? ஈயத்தின் விலை விழுந்து ஆலைகளும் ஈயம் தோண்டும் கப்பல்களும் நின்றுபோன நேரம். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சுங்கை சிப்புட் தாமானில் ஊரார் கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தாள். சிவப்பு அடையாள அட்டையோடு நாடில்லாமல் நிற்கிறவர்களின் குடியுரிமை மனு, சேமநிதி, பிள்ளைகளைப் பள்ளி மாற்றுவது, எல்லாம் மலாயில். உடையப்பன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவான். “உக்காருங்க, நம்ம வீட்ல ஆயிரும்” என்பான். நன்றியை அவனிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

முதல் தடவை, கார் வாங்கிய முதல் வாரமே, சனிக்கிழமை காலை காம்பாரில் நேர்முகத் தேர்வு; அவளைக் கூட்டிப்போக அண்ணன் முந்தின ராத்திரியே வந்திருந்தான். காலையில் உறையை உருவினால் விளக்கு அவிந்து கிடந்தது, கார் டக் என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிப்போனது. “ரோசாக், கெட்டுப்போச்சு” என்றான் உடையப்பன். தள்ளினால் கிளம்பும் என்றாள் அவள். “நல்ல காரியத்துக்குப் பொணத்தத் தள்ற மாதிரி தள்ளிக்கிட்டா போவாங்க?” என்று அவன் கத்தினான். அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அறையைப் பூட்டிவிட்டார்கள்.

இரண்டாவது தைப்பிங். அன்றைக்கும் அதே கதை. இந்தத் தடவை பஸ்ஸுக்கு ஓடலாம் என்று பையை எடுத்தவளைச் செல்லாயி வாசலை மறித்துக்கொண்டு நிறுத்தினாள். “சாமியே கண்ண மூடிக்கிச்சு, எங்கடி போற? ஒங்கப்பனுக்கு நடந்தது மறந்துபோச்சா?” அப்பா, சாமி படம் கீழே விழுந்த அன்றைக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்ப் பாம்பு கடித்துச் செத்தவர். அம்மா அந்தப் பேச்சை எடுத்தால் எதிர்ப்பேச்சு கிடையாது. நவமணி பையைக் கீழே வைத்தாள். அப்படிக் கீழே வைத்த தன் கையைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கோபம் ஆறிய பிறகு சந்தேகம் வந்தது. அதுவும் தலைகீழாக வந்தது.

கார் ஏன் செத்தது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. நிறுத்திய காரில் ஒரு பல்ப் விடாமல் எரிந்தால் நாலைந்து நாளில் பேட்டரி காலி. பள்ளிக்கூடக் கணக்கு. உறுத்தியது வேறு. உடையப்பன் ஒவ்வொரு வாரமும் திங்களிலிருந்து சனி வரைக்கும் காரை அசைக்காமல்தானே நிறுத்துகிறான்? அப்படியென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அது செத்துக் கிடக்க வேண்டும். கிடப்பதில்லை. சாவியைத் திருகினால் அரைச் சுற்றில் உறுமிக்கொண்டு கோயிலுக்குப் போகிறது. சாகவேண்டிய வாரமெல்லாம் சாகாத கார், அவளுக்கு வேலை வரும் வாரம் மட்டும் எப்படிச் சாகிறது?

போன மாதம் ஒரு புதன்கிழமை, அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் பார்த்து, உறையின் முன்பக்க ஓரத்தைத் தூக்கிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். தீட்டோடுதான் தொட்டாள், ஒன்றும் இடிந்து விழவில்லை. உள்ளே இருட்டு. முருகனுக்கு முன்னால் பல்ப் கரிக்கட்டையாக இருந்தது. சரி, பேட்டரி போய்விட்டது, சனிக்கிழமை அண்ணன் முகத்தைப் பார்க்கலாம் என்று காத்திருந்தாள். சனிக்கிழமை அண்ணன் உறையை உருவினான். விளக்கு ஜம்மென்று எரிந்தது. கார் கிளம்பியது. பக்கத்தில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

செத்த பேட்டரி தானாக எழுந்து உட்காராது. புதன்கிழமை அது சாகவேயில்லை. யாரோ அதைத் தூங்க வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு எல்லாமே வேறாகத் தெரிந்தது. அண்ணன் உறைக்குள் குனிந்து கும்பிடும்போது கை எங்கே போகிறது என்று பார்த்தாள். முதுகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை உறையைப் போடும் முன்னால் ஓட்டுநர் பக்கத்துக் கதவை ஏன் இன்னொரு முறை திறந்து மூடுகிறான் என்று யோசித்தாள். அம்மா அந்தியில் கும்பிடும்போது அவள் முகத்தையும் பார்த்தாள். விளக்கைப் பற்றிப் பேசாதே, பேசாதே என்கிறாளே, பக்தியால் சொல்கிறாளா, விஷயம் தெரிந்து சொல்கிறாளா? பெற்ற தாயை இப்படி வேவு பார்க்கிறோமே என்று ஒரு கணம் கூசும். மறு கணம் தைப்பிங் ஞாபகம் வரும், கூச்சம் போய்விடும்.

இந்த முறை வந்தது நேர்முகத் தேர்வு இல்லை, வேலையே. லூமுட் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியை. கடற்படைத் தளத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. பினாங்கில் அவளோடு ஒரே அறையில் இருந்த பெட்ரீசியா அங்கேதான் பாடம் நடத்துகிறாள், தங்க இடமும் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை நேரில் வந்து பொறுப்பேற்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

அதனால்தான் திங்கட்கிழமை விடியலில் கேட்கக் கூடாததைக் கேட்டாள். கேட்டது காருக்காக மட்டும் இல்லை. அண்ணன் என்ன சொல்கிறான் என்று பார்க்கவும்தான். உசிர் போனாலும் அணையாது என்றான். பொய். அவள் கண்ணால் பார்த்த பொய்.

செவ்வாய்க்கிழமை டொமினிக்கின் கடைக்குப் போனாள். பெரிய சாலையோரம் பேட்டரி, ஒயரிங் வேலை செய்கிறவன். உடையப்பனின் காருக்கு விளக்குப் போட்டது அவன்தான். கடையெல்லாம் ஆசிட் நெடி.

“வா தங்கச்சி! என்னா, ஒங்கண்ணன் லோரிய அனுப்பாம ஒன்ன அனுப்பிட்டாரா?”

“டொமினிக்கண்ணே, ஒரு கேள்வி. அண்ணன் கார்ல சாமி வெளக்கு எப்பவும் எரியுதே, பேட்டரி தாங்குதா?”

டொமினிக் கையிலிருந்த குறட்டைப் பார்த்தான். “நிப்பாட்டுன வண்டி தூங்கணும் தங்கச்சி. லைட்டு எரிஞ்சா எங்க தூங்கறது? நானே சொன்னேன்லா ஒங்கண்ணன்கிட்ட. எங்க ஆளுங்களுக்கு இந்த வம்பே இல்ல. சிலுவ ஸ்டிக்கர் ஒட்டிட்டா பேட்டரி கேக்காது.”

“சொன்னீங்க. அப்புறம்?”

“அப்புறம் என்னா அப்புறம்?”

“சொன்னதுக்கு அவரு என்னா செய்யச் சொன்னாரு?”

அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பக்கத்தில் கழற்றி வைத்திருந்த மோட்டார் சைக்கிள் ஒயரை எடுத்துத் தேவையில்லாமல் சுரண்டினான். “அது அவரு வண்டி. அவருகிட்டயே கேளு. எனக்கு ஏன் சூசா குடுக்கற, இந்தத் தொல்ல எனக்கெதுக்கு?”

“அண்ணே, எங்க வெச்சிருக்கீங்க அத?”

“எத?”

“நீங்க போட்டதத்தான்.”

“ஐயோ தங்கச்சி, கடைக்கு ஆளு வருது, வழிய விடு.” ஆள் யாரும் வரவில்லை. சாலை வெறிச்சென்று இருந்தது. அவள் படியிறங்கும்போது பின்னாலிருந்து, “நான் ஒண்ணுமே சொல்லலலா, பாத்துக்க” என்றான். அதைவிட ஒருவன் என்னதான் சொல்ல முடியும்?

புதன்கிழமை அம்மா பாசாருக்குப் போனதும் உறையைத் தூக்கினாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முருகன் படம் சிவப்பில் மினுங்கியது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. நவமணி உறையைப் பிடித்த கையோடு நின்றாள். எல்லா வாரமும் இருட்டில் வைத்துவிட்டுப் போகிறவன், இந்த வாரம், வேலைக் கடிதம் வந்த இந்த வாரம், விளக்கை எரியவிட்டுப் போயிருக்கிறான். பேட்டரி இந்நேரம் பாதி இறங்கியிருக்கும். சனிக்கிழமைக்குள் சாமி கண்ணை மூடிக்கொள்ளும். அம்மா வாசலை மறிப்பாள்.

காம்பார் தற்செயலாக இருக்கலாம். அப்போது அவனுக்கே தெரிந்திருக்காது. காம்பாரில்தான் அவன் பாடம் கற்றுக்கொண்டான். தைப்பிங்கில் பாடத்தைப் பரீட்சை பார்த்தான்.

ஏன்? அதுதான் பிடிபடவில்லை. தங்கையைப் பட்டதாரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன். படிப்பை நிறுத்தச் சொன்ன மாமாவிடம் சண்டை போட்டவனும் அவன்தான். அவனுக்கு இதில் என்ன லாபம்? எத்தனை புரட்டிப் பார்த்தும் கணக்கு உதைத்தது. உதைத்தால் உதைக்கட்டும். காரணம் தெரியும்வரை காத்திருக்க அவளுக்கு நாள் இல்லை.

அன்று மத்தியானமே கோப்பிக்கடைப் பொதுத் தொலைபேசியிலிருந்து பெட்ரீசியாவைக் கூப்பிட்டாள். ஞாயிறு இல்லை, சனிக்கிழமையே ஈப்போவில் பஸ் மாறி வருகிறேன் என்றாள். வீட்டுக்கு வந்து பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். அந்த நிமிஷமே புறப்பட்டிருக்கலாம். ஆனால் அம்மா பார்க்க வேண்டும். மறுபடி ஒரு தரம் சாமி பேரைச் சொல்லி யாரும் வாசலில் நிற்கக் கூடாது. அதற்காக மட்டும் சனிக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சனிக்கிழமை உடையப்பன் தனியாக வரவில்லை. கோயில் தலைவர் சின்னையாவும் கூட வந்தார். மாலையில் கூட்டம், உடையப்பன் காரில் சேர்ந்து போவதாக ஏற்பாடு. தோட்டத்து நிலத்தை வாங்கிய வீட்டுமனைக்காரர்கள் கோயிலை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. புதிதாகப் போட்ட நிர்வாகத்தில் உடையப்பன்தான் செயலாளர். தலைவர் நாற்காலியில் சாய்ந்து பசியாறிக்கொண்டிருக்க, இவன் குளித்து, திருநீறு பூசி, உறைக்குள் குனிந்தான்.

நிமிர்ந்தபோது முகத்தை நன்றாகத் தொங்கப் போட்டிருந்தான்.

“அம்மா… இங்க வா. வந்து பாரு.”

செல்லாயி ஓடி வந்தாள். உறை உருவப்பட்டது. பல்ப் முழுதாக அவியவில்லை. ஊதிவிட்ட கங்குபோல ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் உள்ளே கிடந்தது. உடையப்பன் கதவைத் திறந்து சாவியைத் திருகினான். டக்.

“பாத்தியா? மூணாவது தடவ. இதுக்கு மேல சாமி வாயத் தொறந்தா சொல்லும்?”

“முருகா!” செல்லாயி தலையில் கை வைத்தாள். “வேணாண்டி நவமணி. லூமுட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். தண்ணி, கடலுன்னு இருக்கற எடம்…”

“அண்ணே, கொஞ்சம் எறங்குங்க,” என்றாள் நவமணி.

“எதுக்கு?”

“எறங்குங்க.”

“ஏய், தொடாத. நீ இன்னிக்கு…”

“ஆமா, தீட்டுதான். எறங்கு.”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததை முதலில் கவனித்தது செல்லாயி. அவள் வாயைத் திறப்பதற்குள் நவமணி அண்ணனை இடித்துத் தள்ளிக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒயர்கள், தூசி, ஒரு திருகாணி. முட்டி இடிக்கிற இடத்துக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத மூலையில், விரல்நுனி அளவுக்கு ஒரு குமிழ் தட்டுப்பட்டது.

“அம்மா, சாமியப் பாரு. என்னப் பாக்காத, சாமியப் பாரு.”

குமிழைத் தட்டினாள். கங்கு அணைந்தது. தட்டினாள். கங்கு வந்தது. அணைந்தது. வந்தது.

“கைய எடுடி!” உடையப்பன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

“எரியட்டும்னுதான தட்டுறேன்? நீதான் வாராவாரம் திங்கக்கெழம அணைச்சிட்டுப் போற. சனிக்கெழம கும்புடற மாதிரி குனிஞ்சி போட்டுக்கற. எனக்கு வேல வந்தா மட்டும் அணைக்காமப் போற. பேட்டரி தானா சாவுது. அப்புறம் சாமி கண்ண மூடிக்கிச்சாம்!”

“அது… அது டொமினிக் போட்டது. வண்டி ரிப்பேருக்கு…”

“எப்ப போட்டான்?”

நாற்காலியிலிருந்து சின்னையா எட்டிப் பார்த்தார். “நல்லாத்தானே வெச்சிருக்கான் சுவிச்சு,” என்றார் ஆச்சரியமாக. “நம்ம கோயில்லயே சாமிக்கு முன்னாடி டியூப் லைட்ட அமத்திட்டுத்தானே நடை சாத்தறோம். இதுக்கு ஏன் சண்ட?”

செல்லாயி காரின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை விளக்கிலிருந்து கீழே கிடந்த உறைக்குப் போயிற்று. அந்தி அந்தியாக வந்து அவள் கும்பிட்டுவிட்டுப் போன உறை.

“இருட்டையாடா கும்புட்டேன்?” என்றாள். “இத்தன மாசமா நான் வெறும் இருட்டையாடா கும்புட்டேன்?”

அப்போது நவமணிக்குத் தெரிந்தது, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டு விழுந்தது. அடுத்த பேச்சு தன்னைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று காத்திருந்தாள். காம்பார் என்று சொல்வாள். தைப்பிங் என்று சொல்வாள். ஏண்டா, அவ பொழப்புல மண்ணப் போட்டியே என்று கேட்பாள்.

“சாமிய ஏமாத்திட்டியேடா,” என்றாள் செல்லாயி. “ஒன் உசுரக் குடுத்த சாமிடா அது.”

உடையப்பன் அம்மாவின் காலில் விழுந்தான். கார் செத்துப்போகுதேன்னுதாம்மா போட்டேன், ஊரு சிரிக்குமேன்னுதாம்மா சொல்லல. அழுகை நிஜம்தான், அதில் சந்தேகம் இல்லை. செல்லாயி அவன் முதுகில் ஒரு அடி போட்டாள், அதே கையால் தலையைத் தடவினாள். சுவிச்சைப் பிடுங்கி எறிய வேண்டும், நாளைக்கே தேங்காய் உடைத்துக் குற்றம் கழிக்க வேண்டும், சின்னையா போய்ப் பூசாரியிடம் சொல்ல வேண்டும் என்று பேச்சு ஓட ஆரம்பித்தது. தங்கையைக் கட்டிப்போட்டதற்கு எந்தத் தேங்காயும் இல்லை.

நவமணி காரைவிட்டு இறங்கினாள்.

“பரிகாரத்தப் பண்ணிருவோம் ஆத்தா, நீ அழுவாத,” என்றார் சின்னையா. அப்புறம் ஏதோ நினைவு வந்தவராக உடையப்பனைப் பார்த்தார். “அது இருக்கட்டும்லா. தங்கச்சி லூமுட்டுக்கா போவுது? எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே.”

உடையப்பன் கண்ணைத் துடைத்தான். “இல்ல தலைவரே, அது இன்னும்…”

“என்னா இல்ல? மாவட்ட ஆபீசுக்கு மனு, நில ஆபீசுக்கு மனு, வக்கீலுக்கு லெட்டர், அம்புட்டையும் தங்கச்சி பாத்துக்கும், எங்கயும் போவாதுன்னு சொன்னியே. அத நம்பித்தானே ஒன்னச் செயலாளரா போட்டோம்? ஒனக்கு மலாய்ல கையெழுத்து போடறதுக்கு மேல என்னா தெரியும்?”

“எப்ப சொன்னாரு தலைவரே?” நவமணியின் குரல் அவளுக்கே அமைதியாகக் கேட்டது.

“பங்குனி உத்திரக் கூட்டத்துலம்மா. ஏன்?”

தைப்பிங், உத்திரம் முடிந்த மறு வாரம்.

உதைத்துக்கொண்டிருந்த கணக்கு இப்போது சரியாக உட்கார்ந்தது. வில்லத்தனம் ஒன்றும் பெரிதாக இல்லை. கல்யாணம் பண்ணி வைக்கும் திட்டம்கூட இல்லை. ஒரு நாற்காலி. கூட்டத்தில் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஒரு நாற்காலி. அதற்கு அவள் எழுதுகிற கை தேவைப்பட்டிருக்கிறது. உடையப்பன் தரையைப் பார்த்தான். அவன்மீது அவளுக்குப் பரிதாபம்கூட வந்திருக்கும், அவன் வாயைத் திறந்து கேட்டிருந்தால். ரெண்டு மாசம் இருந்து எழுதிக் குடு என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. சாமியைக் கேட்க வைத்தான்.

“சரி,” என்றாள். உள்ளே போய்க் கதவுக்குப் பின்னாலிருந்த பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“எங்கடி?” செல்லாயி நிமிர்ந்தாள். அவள் முகம் இன்னும் ஈரமாக இருந்தது. “இன்னிக்கா? சாமி குத்தம் வீட்ல நிக்கிது, இந்த நேரத்துல படி தாண்டாதடி. ரெண்டு நாளு இரு. கழிப்பு கழிச்சிட்டு, நல்ல நேரம் பாத்து…”

“அம்மா, திங்கக்கெழம போவலன்னா வேல போயிரும்னு ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்டி. ஆனா சாமி…”

“தெரியும்ல? அது போதும்.”

“நவமணி, இரு!” உடையப்பன் குறுக்கே வந்தான். அம்மா முன்பு மறித்த அதே வேகம் அவனுக்கு வரவில்லை. “டொமினிக்கக் கூப்பிடறேன். சார்ஜ் போட்டா நாளைக்குக் காலையில கெளம்பிரும். நானே கொண்டுபோய் விடறேன். சத்தியமா விடறேன்.”

“எது மேல சத்தியம்ணே?”

அவன் கை காரின் பக்கம் பாதி தூரம் நீண்டு, கீழே இறங்கியது.

“தங்கச்சி,” என்றார் சின்னையா நயமாக, “அந்த மாவட்ட ஆபீஸ் மனு மட்டும் பாதியில நிக்கிதேம்மா…”

“எங்கண்ணன் செயலாளருல்ல தலைவரே? அவரு எழுதுவாரு.”

உடையப்பன் விலகினான். விலகினானா, அவள் வந்த வேகத்தில் தானாக ஒதுங்கினானா, அவனுக்கே தெரிந்திருக்காது. நவமணி கீழே கிடந்த உறையைச் சுற்றிப் போகவில்லை. மிதித்துக்கொண்டே நடந்து, செருப்பை மாட்டி, வேலிக்கதவைத் திறந்தாள். பின்னால் அம்மா அவள் பெயரை ஒரு தடவை கூப்பிட்டாள், அப்புறம் முருகன் பெயரை. தாமான் முனையில் ஈப்போ பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடையைக் கூட்டினாள்.